சின்ன லேத் பட்டறைக்கும் அணு ஆயுதத்துக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: துபாய்க்கு உதிரிபாகம் அனுப்ப, கடைசியில் யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்று எழுதி வாங்கச் சொல்கிறார்கள். நான்கு மெஷின் வைத்திருக்கும் எங்களுக்கு எதற்கு இது?

2017-ல் என் மச்சினன் என்னிடம் இதையேதான் கேட்டார், அதுவும் கோபமாக. நீங்கள் இப்போதுதான் ஏற்றுமதியில் இறங்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் பட்டறை கோவை கணபதியில். பம்ப் ஷாஃப்ட், புஷ், வருகிற ஜாப் ஒர்க். அந்த வருடம் துபாய் வியாபாரி ஒருவரிடமிருந்து ஒரு விசாரணை வந்தது. உயர்வலு அலுமினியக் குழாய்கள், மெல்லிய சுவர், மைக்ரான் கணக்கில் டாலரன்ஸ். எங்கே போகிறது என்று கேட்டேன். 'ஆயில் அண்ட் கேஸ்' என்றார். எண்ணெய் வேலைக்கு எதற்கு இவ்வளவு துல்லியம்? ட்ராயிங்கின் வலது கீழ் மூலையைப் பார்த்தேன். கம்பெனி பெயரும் ட்ராயிங் நம்பரும் இருக்க வேண்டிய கட்டத்தை வெட்டிவிட்டு ஜெராக்ஸ் எடுத்திருந்தார்கள். விலையில் ஒரு ரூபாய் பேரம் இல்லை, பாதிப் பணம் முன்பணம்.

வாங்கப்போகும் கம்பெனியின் பெயரும் முகவரியும் கேட்டு மெயில் போட்டேன். அதோடு பேச்சு நின்றது. நானும் விட்டுவிட்டேன். "வீடு தேடி வந்த லட்சுமியைத் துரத்திட்டீங்களே மச்சான்" என்று மச்சினன் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அப்போது ஒரு பெரிய கம்பெனி எங்களுக்கு ஏழு மாத பில்லை நிறுத்தி வைத்திருந்தது. சிறு தொழிலுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்தாயிற்று. கேட்டால் அடுத்த ஆர்டர் கிடையாது. ஆள் கூலிக்கே திணறும்போது முன்பணத்தை வேண்டாம் என்பது எவ்வளவு கஷ்டம் என்று பட்டறை நடத்துகிறவனுக்குத்தான் தெரியும்.

நான் பயந்ததற்குக் காரணம் இருந்தது. 2003 அக்டோபரில் லிபியாவுக்குப் போய்க்கொண்டிருந்த 'பிபிசி சைனா' என்ற கப்பலை இத்தாலியின் டாரண்டோ துறைமுகத்துக்குத் திருப்பிச் சோதித்தார்கள். உள்ளே யுரேனியத்தைச் செறிவூட்டும், அதாவது அணுகுண்டுக்கு ஆகும் தரத்துக்குக் கொண்டுவரக்கூடிய, மையவிலக்கு இயந்திரத்தின் பாகங்கள். அணுத் தொழில்நுட்பத்தைக் கள்ளத்தனமாக விற்ற பாகிஸ்தான் விஞ்ஞானி ஏ.க்யூ. கானின் வலையமைப்புக்காக அவற்றைச் செய்தது மலேசியாவின் ஷா ஆலமில் இருந்த ஒரு துல்லிய எந்திரப் பட்டறை. எண்ணெய், எரிவாயு வேலைக்கென்று நினைத்துத்தான் செய்தோம் என்றது அந்த நிறுவனம். ஆர்டர் வந்த வழி துபாய். அங்கே லேத்தில் நின்றவர்களும் நம்மைப் போன்ற ஆட்கள்தான். முழு அணுகுண்டை யாரும் விற்பதில்லை. குழாய், வால்வு, பம்ப் என்று பிரித்து, பத்து நாட்டில் பத்துப் பட்டறையில்தான் வாங்குகிறார்கள்.

"இந்தியாவே அணுப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை, நீ என்ன உபதேசம் செய்கிறாய்" என்று யாராவது வருவீர்கள். தெரியும். 1974 பொக்ரான் சோதனைக்குப் பிறகு நம்மை மனதில் வைத்துத்தான், அணுப் பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் அணுசக்தி வழங்கும் நாடுகளின் குழுவே உருவானது. அதில் இன்றும் நாம் உறுப்பினர் இல்லை. அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் நம் நாட்டுக் கொள்கை வேறு, என் பட்டறைச் சரக்கு தெரியாத கைக்குப் போவது வேறு. 2005-ல் பேரழிவு ஆயுதச் சட்டம் போட்டது நம் நாடாளுமன்றம்தான். யாரும் வெளியிலிருந்து வந்து போடவில்லை.

சரி, உங்கள் விஷயம். மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் துறையான டிஜிஎஃப்டி-யின் தளத்தில் 'ஸ்கோமெட்' பட்டியல் இருக்கிறது, அனுமதி இல்லாமல் ஏற்றுமதி செய்யக் கூடாத சரக்குகளின் பட்டியல் அது. உங்கள் பாகத்தின் பெயரை மட்டும் தேடாதீர்கள், மெட்டீரியல், விட்டம், வலிமை எல்லாம் ஒப்பிட்டுப் பாருங்கள். அலுமினியக் குழாயில் 75 மிமீ விட்டத்தைத் தாண்டினாலே கவனம் வேண்டும். பட்டியலில் இருந்தால் லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள், தாமதமாகும், அதைக் கணக்கில் வைத்து டெலிவரி தேதி கொடுங்கள். பட்டியலில் இல்லாவிட்டாலும், ஆயுதத்துக்குப் போகிறது என்று தெரிந்தாலோ சந்தேகம் வந்தாலோ அனுப்பக் கூடாது. இதை உங்கள் ஷிப்பிங் ஏஜெண்ட் சொல்லமாட்டார், ட்ராயிங்கைப் படிக்கத் தெரிந்தவர் நீங்கள்தான்.

அப்புறம், உங்களுக்கு வந்த துபாய் ட்ராயிங்கின் வலது கீழ் மூலையில் என்ன இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள்.