அந்தச் சிரிப்பு என் மகனுடையதா?

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

என் மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். சிறு வயதிலிருந்தே இளகிய மனம். பாட்டி பக்கவாதத்தில் படுத்திருந்தபோது கஞ்சியை ஆற்றி ஊட்டிவிட்டு, வாயோரம் வழிவதைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்துவிடுவான். போன மாதம் கல்லூரியிலிருந்து அழைத்தார்கள். விடுதியில் முதலாமாண்டு மாணவன் ஒருவனை நள்ளிரவில் முட்டி போடவைத்து, அவன் அப்பாவின் தொழிலைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்திருக்கிறார்கள். அதைக் கைபேசியில் படம் பிடித்தவன் என் மகன். வீடியோவில் அவன் முகம் இல்லை. சிரிப்பு மட்டும் கேட்கிறது. அது என் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

இப்போது இடைநீக்கம் செய்திருக்கிறார்கள். "கூட இருந்தேன், அவ்வளவுதான்" என்கிறான். அந்தப் பையனின் பெற்றோரைப் பார்த்துப் பேசி, புகாரைத் திரும்பப் பெறவைக்கலாம் என்கிறார் என் கணவர். பாட்டிக்கு ஊட்டியதெல்லாம் நடிப்பா? இவனை இனி எப்படி நம்புவது?

— பெயர் வெளியிட விரும்பாத தாய், ஈரோடு மாவட்டம்

அன்புள்ள அம்மா,

நடிப்பில்லை. ஊட்டியவனும் அவன்தான், படம் பிடித்தவனும் அவன்தான். இரக்கத்தை ரத்தப் பிரிவு போலப் பிறவியிலேயே வந்து மாறாமல் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். ஆனால் எதிரில் யார், பக்கத்தில் யார் என்பதைப் பொறுத்து அது சுரக்கும், வற்றும்.

1961-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனைகள் இதைத்தான் காட்டின. பக்கத்து அறையில் இருப்பவர் தவறாகப் பதில் சொல்லும்போதெல்லாம் மின்னதிர்ச்சியைக் கூட்டிக்கொண்டே போகச் சொன்னார்கள். மின்சாரம் பொய், சுவிட்சை அழுத்தியவர்களுக்கு அது தெரியாது. தபால் ஊழியர், ஆசிரியர், கூலித் தொழிலாளி என்று சாதாரண மனிதர்கள். 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். அந்த 40 பேரில் 14 பேருக்குப் பதற்றத்தில் சிரிப்பும் வந்தது. உங்கள் மகனுடையது அந்த வகையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எப்படியிருந்தாலும், முட்டி போட்டிருந்த பையனுக்குக் கேட்டது சிரிப்பு மட்டுமே. இதை மகனிடம் மழுப்பாமல் சொல்லுங்கள்.

அதே சோதனையில், அதிர்ச்சி வாங்குபவரை ஒரே அறையில் உட்காரவைத்தபோது கடைசி வரை போனவர்கள் 16 ஆனார்கள். கூட இருந்த இரண்டு பேர் "முடியாது" என்று விலகிக்கொண்டபோது 40 பேரில் 4 பேர்தான். "கூட இருந்தேன், அவ்வளவுதான்" என்பது இங்கேதான் செல்லாமல் போகிறது. கூட இருப்பவன் எழுந்தால் அறையே மாறிவிடும். (படம் பிடிப்பவனுக்கு எதிரில் இருக்கும் முகம் திரையில் ஓடும் காட்சியாகிவிடுகிறது, இது ஆய்வு முடிவல்ல, என்னிடம் வரும் பிள்ளைகளிடம் நான் பார்ப்பது.)

"ஏன் செய்தாய்?" என்று கேட்காதீர்கள், காரணம் சொல்லப் பழகிக்கொள்வான். அந்தப் பையனின் ஊர் எது, எப்போது அழத் தொடங்கினான், அப்போது நீ கைபேசியை இறக்கினாயா என்று கேளுங்கள். பதில் வர நாளாகலாம், விடாதீர்கள்.

உங்கள் கணவர் அந்த வீட்டுப் படியேறக் கூடாது. எவ்வளவு பணிவாகப் பேசினாலும் அவர்களுக்கு அது மிரட்டலாகத்தான் படும். தமிழ்நாட்டில் ராகிங்குக்கு எதிராக 1997 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. வழக்கு வந்தால் வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை, பேரம் உரிமையல்ல. விசாரணைக் குழுவிடம் மகன் நடந்ததை முழுமையாகச் சொல்லட்டும், வீடியோவை யாருக்கெல்லாம் அனுப்பினான் என்பது உட்பட. மன்னிப்புக் கடிதத்தையும் குழுவின் வழியாகவே கொடுக்கட்டும். அந்தப் பையன் அதைப் படிக்காமலே கிழித்துப் போடலாம் என்று முன்பே சொல்லிவையுங்கள்.

நம்புவதா வேண்டாமா என்று இப்போதே முடிவெடுக்காதீர்கள். குழுவின் முன் என்ன சொல்கிறான் என்று பார்த்துவிட்டு அவனை அழைத்து வாருங்கள். உங்கள் கணவரும் வந்தால் நல்லது. அவரிடமும் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.