டயாலிசிஸ் செய்பவருக்கு மலச்சிக்கல்: வாழைப்பழமும் வெள்ளை சிரப்பும் வேண்டாம்

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. சர்க்கரை நோயால் சிறுநீரகம் செயலிழந்து, ஒன்றரை வருடமாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ். நான்கைந்து நாளைக்கு ஒருமுறைதான் மலம் போகிறது, அதுவும் முக்கி முக்கி. ராத்திரி இரண்டு வாழைப்பழமும் ஒரு சொம்பு வெந்நீரும் கொடுக்கச் சொல்கிறார்கள். மெடிக்கலில் ஒரு வெள்ளை சிரப்பும் வாங்கி வைத்திருக்கிறேன். கொடுக்கலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: சிரப்பைத் திறக்கும் முன் லேபிளைப் பாருங்கள் அம்மா. மெக்னீசியம் ஹைட்ராக்சைடு என்று இருந்தால் கொடுக்காதீர்கள். பால் போல இருக்கும் பேதி சிரப்புகள் பலவற்றில் இருப்பது அதுதான். நமக்கெல்லாம் கூடுதல் மெக்னீசியம் சிறுநீரில் போய்விடும். அப்பாவுக்கு அந்த வழி இல்லை. ரத்தத்திலேயே தங்கி ஏறினால் அசதி, தசைத் தளர்ச்சி, பிரஷர் இறங்குவது என்று தொடங்கி மூச்சுவரை பாதிக்கும். பேதி உப்பும் மெக்னீசியம்தான். பாஸ்பேட் எனிமாவும் ஆகாது. பாஸ்பேட் எகிறி, கால்சியம் சட்டென்று இறங்கிவிடும்.

வாழைப்பழம் ஒன்றில் சுமார் 400 மில்லிகிராம் பொட்டாசியம். மெக்னீசியம் போல அதுவும் அப்பாவின் ரத்தத்தில் தங்கி ஏறும். இளநீர், பேரீச்சை, உலர் திராட்சையும் அதே ரகம். வெந்நீரும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும். நாளுக்கு ஒரு லிட்டருக்குள் குடிக்கச் சொல்லப்பட்டவருக்குச் சொம்பு நிறைய எப்படிக் கொடுப்பது? ஊர் சொல்லும் வைத்தியம் எல்லாமே சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கானது.

அதற்காக மலச்சிக்கலை அப்படியே விடவும் கூடாது. சிறுநீரகம் ஓய்ந்ததும் பொட்டாசியத்தை வெளியேற்றும் வேலையில் ஒரு பகுதியைப் பெருங்குடல் எடுத்துக்கொள்கிறது. மலம் தங்கினால் பொட்டாசியமும் தங்கும்.

சரி, ஏன் வருகிறது? அப்பாவின் மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பாருங்கள். சாப்பாட்டோடு போடும் பாஸ்பரஸ் குறைக்கும் மாத்திரை, இரும்பு மாத்திரை, பொட்டாசியம் குறைக்கும் பவுடர் எல்லாமே மலத்தை இறுக்குபவை. நீங்களாக நிறுத்த வேண்டாம். டப்பாவோடு டாக்டரிடம் போங்கள், மாற்று இருக்கும். சர்க்கரை நோய் குடல் நரம்பையும் மந்தமாக்கும். இன்னொன்றை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: நான்கு மணி நேரம் கையில் ஊசியோடு படுத்திருக்கும்போது வரும் உந்துதலைக் கூச்சப்பட்டு அடக்கிக்கொள்வார்கள். அடக்க அடக்க மலம் இறுகும். கூச்சப்படாமல் நர்ஸிடம் சொல்லச் சொல்லுங்கள். மற்றபடி, காலை டிபன் முடிந்து கால் மணி நேரத்தில் கழிப்பறையில் உட்காரும் பழக்கம் நல்லது. வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் ஒரு முக்காலி போடுங்கள்.

மருந்தில் நான் முதலில் எழுதுவது லாக்டுலோஸ். இனிப்பாக, கெட்டியாக இருக்கும் சிரப். பெரும்பாலும் ரத்தத்தில் சேராது. ராத்திரி 15 மி.லி.யில் தொடங்கலாம். வேலை செய்ய ஓரிரு நாள் ஆகும், வயிறு கொஞ்சம் உப்பும். பேதியாகிவிட்டால் அளவைக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் டயாலிசிஸின்போது பிரஷர் விழும். போதவில்லை என்றால் எப்போதாவது பிசாகோடில் என்ற, குடலைத் தூண்டும் மருந்து. இரண்டுமே உங்கள் சிறுநீரக மருத்துவரைக் கேட்டுத்தான். இசப்கோல் வேண்டாம்; ஒவ்வொரு முறையும் டம்ளர் நிறைய தண்ணீர் கேட்கும், தண்ணீர் குறைந்தால் குடலிலேயே அடைத்துக்கொள்ளும். நாட்டு மருந்துக் கடைச் சூரணமும் வேண்டாம், அதில் என்ன உப்பு கலந்திருக்கிறது என்று தெரியாது.

நார்ச்சத்துக்குத் தோலோடு அரை ஆப்பிள், பேரிக்காய் கொடுக்கலாம். அவரைக்காய், புடலங்காய் மாதிரிக் காய்களைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துவிட்டுத் தாளியுங்கள். ஸ்டார் ஃப்ரூட்டை மட்டும் தொடவே கூடாது. டயாலிசிஸ் நோயாளிக்கு விக்கலில் ஆரம்பித்து வலிப்புவரை கொண்டுபோகும் பழம் அது.

வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியாமல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டயாலிசிஸ் இல்லாத இரண்டு நாள் இடைவெளியில் கை கால் தளர்ந்தாலும், படபடப்பு வந்தாலும் அப்படியே. மலத்தில் ரத்தம் கண்டால் மெஷினில் போடும் முன்பே சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுப்பார்கள். அன்றைக்கு அதைக் குறைப்பதா, நிறுத்துவதா என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டும்.