ப்ராயர் போட்ட வேஷம்

அன்புள்ள ஐயா,

இர்வின் யாலோமின் ‘வென் நீட்சே வெப்ட்’ நாவலை நீங்கள் சொல்லித்தான் வாசித்தேன். அதில் தத்துவஞானி நீட்சேவுக்கு வைத்தியம் பார்க்கும் வியன்னா டாக்டர் ப்ராயர்மேல் எரிச்சலாக வருகிறது. ஊரார் மனச்சிக்கலை எல்லாம் அவிழ்க்கிறார். மனைவி மத்தில்டேவிடம் மனம்விட்டு ஒரு வார்த்தை இல்லை. பழைய நோயாளி பெர்தாவை நினைத்தே உருகுகிறார். ஊருக்குத்தான் உபதேசமா?

சு.

அன்புள்ள சு.,

எரிச்சல் வரவேண்டிய ஆள்தான். ஆனால் அவர் உபதேசியாக எனக்குப் படவில்லை. ஒளிந்துகொள்ள அவருக்குத் தொழிலைவிட நல்ல இடம் கிடையாது. நோயாளி காத்திருக்கிறார் என்று டாக்டர் கிளம்பினால் வீட்டில் யார் என்ன சொல்ல முடியும்?

ப்ராயரும் நீட்சேவும் ஒப்பந்தம் போடும் பகுதியை மறுபடி படித்துப் பாருங்கள். நீட்சே யாரிடமும் உதவி வாங்காதவர். அவரைப் பேசவைக்க ப்ராயர் ஒரு தந்திரம் செய்கிறார்: உங்கள் ஒற்றைத் தலைவலியை நான் பார்க்கிறேன், என் மன உளைச்சலை நீங்கள் பாருங்கள். வெறும் நோயாளி வேஷம்தான். ‘எனக்குச் சிகிச்சை வேண்டும்’ என்று ப்ராயரை நிஜமாகவே கேட்கச் சொல்லியிருந்தால் செத்தாலும் கேட்டிருக்க மாட்டார். நடிக்கிறோம் என்ற தைரியத்தில் வாயைத் திறந்தார், வந்ததெல்லாம் உண்மை. நாவலின் உயிர் எனக்கு இங்கேதான் இருக்கிறது.

இருவரும் வாழ்ந்தவர்கள்தான், ஆனால் நிஜத்தில் சந்தித்ததில்லை. கதை நடக்கும் 1882இல் ப்ராயருக்கு நாற்பது வயது. உடல் தடுமாறாமல் நிற்பதில் உட்காதின் அரைவட்டக் குழல்களுக்குள்ள பங்கைக் கண்டவர்களில் அவரும் ஒருவர்!

அப்புறம், பெர்தா. அவளும் நிஜத்தில் ப்ராயரின் நோயாளிதான். ஃப்ராய்டுடன் சேர்ந்து 1895இல் வெளியிட்ட நூலில் ப்ராயர் அவள் பெயரை மறைத்து ‘அன்னா ஓ.’ ஆக்கி, தேறிவர நாளானது, பிறகு பூரண நலம் என்று முடித்துவிட்டார். ஆனால் 1882 கோடையில், அவர் சிகிச்சை முடிந்த கையோடு, மார்ஃபின் பழக்கத்துடன் சுவிட்சர்லாந்தில் ஒரு மனநல விடுதியில் அவளைச் சேர்த்திருக்கிறார்கள். ஆவணங்களைத் தேடியெடுத்து மனநல மருத்துவ வரலாற்றாசிரியர் எலன்பெர்கர் 1972இல் எழுதிய பிறகே அது பரவலாகத் தெரிந்தது. நாவலில் வருவதைவிடப் பெரிய நழுவல் இதுதான். அவளோ பின்னாளில் எழுந்து நின்று, 1904இல் ஜெர்மனியில் யூதப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினாள். மனதில் உள்ளதைப் பேசவைத்தே குணமாக்கும் முறைக்கு ‘பேச்சு வைத்தியம்’ என்ற பெயரே அவள் வைத்ததுதான்.

மத்தில்டே விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம். ப்ராயர் மனதளவில் குடும்பத்தை விட்டு ஓடிப்பார்த்து, ஒருவழியாக அவளிடமே திரும்புகிறார், சரி. அவள் பேச, எதிரே உட்கார்ந்து கேட்க ஒருவரையும் யாலோம் அனுப்பவில்லை.