வால்வு ஒலிவாங்கியை வீட்டில் கட்டுதல்: கேள்விகளும் பதில்களும்

பழைய ஜேர்மன், ஒஸ்திரிய வால்வு (வெற்றிடக் குழாய்) ஒலிவாங்கிகளின் மாதிரியில் ஒன்றைத் தாங்களே கட்டிக்கொள்வது பற்றி யாழ்ப்பாணத்திலிருந்தும் புலம்பெயர்ந்த ஊர்களிலிருந்தும் சிலர் கேட்டிருந்தார்கள். நான் இதுவரை நான்கு கட்டியிருக்கிறேன். முதலாவது என்னைப் படுத்திய பாட்டை உரிய இடத்தில் சொல்கிறேன்.

உரும்பிராயிலிருந்து: ஐயா, நொய்மன் யூ 47 மாதிரியைக் கட்ட ஆசை. அதிலுள்ள விஎஃப் 14 வால்வுக்கு எங்கே போவது?

எங்கும் போக வேண்டாம். ஜேர்மனியின் நொய்மன் நிறுவனத்தாருடைய யூ 47 ஒலிவாங்கி வெளிவந்தது 1949 இல். அதற்கு உயிராக இருந்த ரெலிபுங்கன் விஎஃப் 14 வால்வின் உற்பத்தி 1950களின் பிற்பகுதியிலேயே நின்றுவிட்டது. பிற்காலத்தில் நொய்மன் நிறுவனமே நுவிஸ்ரர் என்னும் சிறு வால்வை அதற்கு மாற்றாகக் கொடுக்க வேண்டியிருந்தது. இன்று அகப்படும் ஒரு விஎஃப் 14க்குக் கேட்கும் விலையில், நீங்கள் கட்டப்போகும் முழு ஒலிவாங்கியையும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கட்டி முடிக்கலாம்.

அந்தச் சுற்றின் அழகை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. மின்வழங்கியிலிருந்து 105 வோல்ற் என்னும் ஒரே ஓர் அழுத்தமே மேலே வருகிறது. அதுவே வால்வின் அனோட்டுக்கும் (நேர்மின் தகடு) போகிறது, 1780 ஓம் தடையொன்றின் வழியாக இழைக்கும் (வால்வைச் சூடாக்கும் கம்பி) போகிறது. 55 வோல்ற்றுக்கெனச் செய்யப்பட்ட இழைக்கு ஏறத்தாழ 36 வோல்ற் மட்டுமே கிடைப்பதால் வால்வு அடங்கி, இரைச்சல் குறைந்து, நீண்ட காலம் உழைத்தது. புதிதாகக் கட்டுபவர் ஈஎஃப் 86 வால்வோடு தொடங்குவதே நல்லது. 1960 இல் வந்த யூ 67 அதைத்தான் பயன்படுத்தியது. அந்த வால்வை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். மூன்று வாங்குங்கள், இரண்டு நாள் தொடர்ந்து எரியவிடுங்கள், பிறகு ஒவ்வொன்றையும் பென்சிலின் பின்முனையால் மெல்லத் தட்டி, ஆகக் குறைவாக மணியடிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கொக்குவிலிலிருந்து: அண்ணா, மலிவான சீன ஒலிவாங்கியொன்றின் உடலையும், ஒலியைப் பிடிக்கும் சவ்வுள்ள கப்ஸ்யூலையும் வைத்துக்கொண்டு உள்ளே வால்வுச் சுற்றை மட்டும் போட்டால் போதாதா? இப்போது பாட்டுக்காரரின் ‘ச’, ‘ஷ’ எல்லாம் தகரத்தில் கீறியதுபோலக் கேட்கிறது.

தம்பி, உடல் போதும். கப்ஸ்யூலையும் உடனே எறிந்துவிட வேண்டாம். அப்படியான ஒலிவாங்கிகளில் பெரும்பாலும் இருப்பது யூ 67இன் கே 67 கப்ஸ்யூலைப் பார்த்துச் செய்த பிரதி. அந்தக் கப்ஸ்யூல் இயல்பாகவே உச்ச அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுக்கும். நொய்மன் பொறியியலாளர்கள் அதை அறிந்தே செய்தார்கள். தூக்கிய அளவை வால்வுச் சுற்றுக்குள் திரும்ப இறக்கி வைத்தார்கள். மலிவாகச் செய்பவர்கள் கப்ஸ்யூலை மட்டும் எடுத்துக்கொண்டு, இறக்கும் பகுதியை விட்டுவிடுகிறார்கள். உங்களுக்குக் கேட்கும் தகரச் சத்தம் அதுதான். ஆகவே கே 67 வகை என்றால் யூ 67 சுற்றை முழுமையாகப் போடுங்கள். யூ 47 சுற்றில் இப்படி இறக்கும் ஏற்பாடு இல்லை. அதற்கு இரண்டு சவ்வுகளும் ஒரே பின்தட்டைப் பகிரும் கே 47 வகையே பொருந்தும். சுற்றையும் கப்ஸ்யூலையும் சோடி மாற்றி வைத்துவிட்டு வால்வைக் குறை சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சாவகச்சேரியிலிருந்து: மின்வழங்கிக்கு 230 வோல்ற்றை நேரடியாக டயோட்டில் கொடுத்தால் ரான்ஸ்போமர் செலவு மிச்சமல்லவா?

கூடவே கூடாது. பாடுபவர் உதட்டருகே வைத்துப் பாடும் உலோகப் பொருளை வீட்டு மின்கம்பியோடு பிணைக்கிறீர்கள். இரு கம்பிச்சுருள்களும் தனித்தனியாக உள்ள ரான்ஸ்போமர் கட்டாயம். பெட்டியின் உலோகம் புவிக்கம்பியோடு இணைந்திருக்க வேண்டும்.

யூ 67 மாதிரிக்கு 210 வோல்ற்றும் இழைக்கு 6.3 வோல்ற் நேரோட்டமும் தேவை. உயர் அழுத்தப் பக்கத்தில் 47 மைக்ரோபரட் கொள்ளளவிகள் மூன்று இருந்தால், அவற்றுக்குக் குறுக்கே 220 கிலோஓம் தடையொன்றை நிரந்தரமாகப் போடுங்கள். ஆளியை நிறுத்தியபின் அவை வடிந்து முடிய இரண்டரை நிமிடமாவது செல்லும். அதற்குப் பிறகும் மீற்றரால் பார்த்துவிட்டே கை வையுங்கள். இழைக்கான 6.3 வோல்ற்றைப் பெட்டியில் அளக்காமல், நீளக் கம்பியின் மறுமுனையில், வால்வின் காலிலேயே அளந்து சரிசெய்யுங்கள். 0.2 அம்பியர் ஓடும்போது மெல்லிய கம்பி 0.3 வோல்ற்றைச் சத்தமில்லாமல் தின்றுவிடும்.

பருத்தித்துறையிலிருந்து: கடலோரத்தில் இருக்கிறேன். கட்டிய ஒலிவாங்கி கோடையில் நன்றாக இருந்தது. வாடைக்காற்று தொடங்கியதும் கடுகு வெடிப்பதுபோலப் பொரிகிறது. வால்வு போய்விட்டதா?

வால்வு போகவில்லை. என் முதலாவது ஒலிவாங்கிக்கும் ஒரு கார்த்திகை மழையில் இதே வருத்தம் வந்தது. நான் இரண்டு வால்வை மாற்றினேன், ஒரு கொள்ளளவியை மாற்றினேன், மின்வழங்கியை முழுதாகக் கழற்றினேன். கடைசியில், தலைமயிர் உலர்த்தும் கருவியை எட்டப் பிடித்துச் சுற்றுப்பலகையைச் சூடாக்கியதும் பொரிச்சத்தம் நின்றது. கால் மணித்தியாலத்தில் ஆறியவுடன் திரும்ப வந்தது. உருப்பெருக்கியால் பார்த்தபோது, ஒரு ஜிகாஓம் தடையின் அடியில், பற்றவைத்தபோது மிஞ்சிய பிளக்ஸ் பசை தேன் நிறத்தில் காய்ந்து கிடந்தது. அதன் மேல் என் பெருவிரல் ரேகை தெளிவாகப் பதிந்திருந்தது.

காரணத்தைச் சொல்கிறேன். கப்ஸ்யூலின் கொள்ளளவம் 60 பிக்கோபரட் அளவுதான். அதிலிருந்து வரும் துளி மின்னேற்றம் ஓடிவிடாமல் இருப்பதற்காகவே வால்வின் கிரிட்டுக்கு (சமிக்ஞை நுழையும் கம்பிவலை) இத்தனை பெரிய தடை போடுகிறோம். 60 மெகாஓம் என்றால் 44 ஹேர்ட்ஸுக்குக் கீழே அடிக்குரல் சரியத் தொடங்கும்; ஒரு ஜிகாஓம் என்றால் அந்த எல்லை 3 ஹேர்ட்ஸுக்கும் கீழே போய்விடும். தடை பெரிதானால் இரைச்சலும் பெருகும் என்று பலர் அஞ்சுகிறார்கள். இங்கே அது தலைகீழ்: தடையின் இரைச்சலைக் கப்ஸ்யூலின் கொள்ளளவமே விழுங்குவதால், தடை பெருகப் பெருகக் காதுக்கு எட்டும் இரைச்சல் குறையும். இப்போது உப்புக் காற்றும் ஈரமும் அழுக்கின் மேல் படிந்து பலகையில் 100 மெகாஓம் கசிவொன்றை உண்டாக்கினால், உங்கள் ஒரு ஜிகாஓம் தடை வெறும் 91 மெகாஓம் ஆகிவிடுகிறது. அந்தக் கசிவும் நிலையாக நிற்காமல் நொடிக்கு நொடி மாறுவதால் பொரிகிறது.

கப்ஸ்யூல் கம்பி, கிரிட் கால், தடையின் ஒரு முனை ஆகிய மூன்றையும் பலகையில் பிடிக்காமல், ரெஃப்லோன் தூணொன்றின் தலையில் அந்தரத்தில் இணையுங்கள். ஐசோபுரொப்பைல் அற்ககோலால் இரண்டு முறை கழுவி, அதன்பின் அந்த இடத்தை விரலால் தொடாதீர்கள். கப்ஸ்யூலை மட்டும் கழுவ நினைக்காதீர்கள். பொன் பூசிய அந்தச் சவ்வு சில மைக்ரோன் தடிப்பே உள்ளது.

இன்னொன்று. பழைய யூ 47க்குள் இழையும் அந்த 1780 ஓம் தடையும் சேர்ந்து 4 வாற் வெப்பத்தை உடலுக்குள்ளேயே விட்டன. ஈஎஃப் 86இன் இழை 1.3 வாற்றுக்கும் குறைவாகவே தருகிறது. அந்தக் குறைந்த சூட்டில் ஈரம் உலர நேரம் எடுக்கும் என்பதால், மாரியில் ஒலிப்பதிவுக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகவே ஆளியைப் போட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

ரொறன்ரோவிலிருந்து: வெளியீட்டு ரான்ஸ்போமரில் எவ்வளவு பணம் போடலாம்?

வால்வுக்குப் போட நினைத்ததை இதற்குப் போடுங்கள். யூ 47 வகையில் கம்பிச் சுற்றுகளின் விகிதம் ஏறத்தாழ 6.5க்கு 1, மின்மறிப்பு அதன் வர்க்கப்படி, அதாவது 42 மடங்கு இறங்குகிறது. மலிவான சிறிய உள்ளகம் (சுருளுக்கு நடுவிலுள்ள உலோகம்) உரத்த அடிக்குரலில் திணறிவிடும். ஊருக்கு அனுப்புவதானால் கப்ஸ்யூலோடு ஒரே பொதியில் போடாதீர்கள்.

இணுவிலிலிருந்து: நாதஸ்வரமும் தவிலும் பதிய இது தாங்குமா?

ஒலிவாங்கி தாங்கும், வைக்கும் இடம் சரியாக இருந்தால். நாதஸ்வரத்தின் வாய்க்கு நேரே வைக்காமல், ஆறடி தள்ளி, வாசிப்பவரின் தலைக்குச் சற்று மேலே வைத்துப் பாருங்கள். தவிலுக்கு இன்னும் அடக்கம் வேண்டுமானால், கப்ஸ்யூலுக்குக் குறுக்கே அதே அளவு கொள்ளளவி ஒன்றை ஆளியோடு சேர்த்தால் ஒலி 6 டெசிபெல் இறங்கும். என் கருத்தில் தவிலின் வலந்தலைக்குச் சாதாரண டைனமிக் ஒலிவாங்கியே மேல். வால்வு ஒலிவாங்கியை நாதஸ்வரத்துக்கும் மண்டபத்தின் எதிரொலிக்குமாக விட்டுவிடுங்கள்.

மானிப்பாயிலிருந்து: கட்டி முடித்துவிட்டேன். கப்ஸ்யூலுக்குப் போக வேண்டிய 60 வோல்ற்றை அதன் முனையில் அளந்தால் மீற்றர் அரை வோல்ற் சொச்சமே காட்டுகிறது. எங்கே பிழைவிட்டேன், ஐயா?

பிழை எங்குமில்லை, உங்கள் மீற்றர்தான் சுமை. சாதாரண டிஜிற்றல் மீற்றரின் உள்தடை 10 மெகாஓம். ஒரு ஜிகாஓம் தடைக்கு அப்பால் அதை வைத்தால் 60 வோல்ற்றில் 0.6 மட்டுமே அதன் பங்குக்கு வரும். தடைக்கு முன்பக்கத்தில் அளந்து பாருங்கள். அங்கே 60 இருந்தால், மின்சாரத்தை நிறுத்தி, கப்ஸ்யூலின் இடத்தில் 68 பிக்கோபரட் கொள்ளளவி ஒன்றை வைத்து, உடலை மூடி, அரை மணித்தியாலம் இரைச்சலை மட்டும் கேளுங்கள். அது அடங்கியிருந்தால் கப்ஸ்யூலைப் பொருத்தலாம்.