ஷெல் ஸ்கிரிப்டில் நட்சத்திரக் குறி ஏன் கோப்புப் பெயர்களாக மாறுகிறது?

கேள்வியின் சுருக்கம்: பில்டு ஸ்கிரிப்ட் (நிரலைக் கட்டியெழுப்பும் ஷெல் கட்டளைகளின் கோப்பு) ஒரு சி ஹெடர் கோப்பை உருவாக்குகிறது. அதன் முதல் வரி /* தானாக உருவானது */ என்று இருக்க வேண்டும். ஆனால் கோப்பில் விழுவது /பின் /பூட் /டெவ் என்று தொடங்கும் பட்டியல். வரியின் கடைசியில் சொந்தக் கணினியில் கோப்பகப் பெயர்கள் வருகின்றன, பில்டு சர்வரிலோ */ அப்படியே நிற்கிறது. ஸ்கிரிப்டின் தலையில் செட் -எஃப் (கோப்புப் பெயர் விரிவை அணைக்கும் கட்டளை) போட்டால் போதுமா?

போதாது. காரணத்தைச் சொல்கிறேன்.

அந்த வாசகத்தை ஒரு மாறியில் வைக்கும் வரியில் எந்தக் கோளாறும் இல்லை. மதிப்பு அளிக்கும் இடத்தில் ஷெல் வைல்ட்கார்டை (பல கோப்புப் பெயர்களுக்குப் பொருந்தும் * போன்ற குறியை) விரிப்பதே இல்லை. நட்சத்திரம் பத்திரமாக உள்ளே போகிறது. கோளாறு நடப்பது, கொடுத்ததை அச்சிடும் எக்கோ கட்டளைக்குப் பின்னால் அந்த மாறியை மேற்கோள் இல்லாமல் எழுதிய இடத்தில். அங்கே ஷெல் மாறியின் மதிப்பை எடுத்துப் போட்டு, இடைவெளிகளில் நான்கு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டையும் கோப்புப் பெயர் வடிவமாக ஒப்பிட்டுப் பார்க்கிறது. முதல் துண்டு /* என்பது ரூட் கோப்பகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பொருந்திவிடும். கடைசித் துண்டு */ என்பது ஸ்கிரிப்ட் நிற்கும் இடத்தில் உள்ள துணைக் கோப்பகங்களுக்குப் பொருந்தும். சர்வரில் பில்டு ஒரு காலிக் கோப்பகத்தில் ஓடினால் பொருந்த எதுவும் இல்லை. பொருந்தாத வடிவத்தை அப்படியே விட்டுவிடுவது பாஷ், டாஷ் என்ற இரண்டு ஷெல்களின் இயல்பான நடத்தை. ‘என் கணினியில் ஒன்று, சர்வரில் வேறொன்று’ என்ற புதிர் அவ்வளவுதான்.

எக்கோவைக் குறை சொல்லிப் பயனில்லை, அது நட்சத்திரத்தைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. 1971-இன் யூனிக்ஸிலும் இதே கதைதான்: குளோப் என்ற தனி நிரல் கோப்புப் பெயர்களை விரித்துக் கொடுத்த பிறகே கட்டளை ஓடியது. 1979-இல் வந்த பார்ன் ஷெல் அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டது.

இதைத் துப்பறியும்போது பலரும் மாறியில் என்ன இருக்கிறது என்று பார்க்க, மேற்கோள் இல்லாமலே இன்னொரு எக்கோ போடுகிறார்கள். அதுவும் விரிந்து, மாறிக்குள்ளேயே குப்பை இருப்பதாகப் பொய் சொல்லும். அதற்குப் பதில் செட் -எக்ஸ் போட்டு ஓட்டுங்கள். விரித்து முடித்த பிறகு கட்டளை எப்படி இருக்கிறது என்பதை அது காட்டும். அந்தத் தடம் பிழை வெளியீட்டில் போவதால் ஹெடர் கோப்பிலும் கலக்காது. பாஷ் என்றால் இன்னொரு வசதி: விரியாமல் தப்பிய நட்சத்திரத்தை ஒற்றை மேற்கோளுக்குள் வைத்துக் காட்டும்.

இப்போது செட் -எஃப். விரிவதை அது நிறுத்தும், துண்டாக உடைவதை நிறுத்தாது. நாளைக்கு யாராவது அந்த மாறியில் பல வரி உரிமக் குறிப்பை வைத்தால் எல்லா வரிகளும் ஒரே வரியாகச் சுருண்டுவிடும். அதைவிட மோசமானது, அதே ஸ்கிரிப்டின் கீழே பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளை நீக்க ஆர்எம் -எஃப் *.ஓ என்று எழுதியிருந்தால் நடப்பது. விரிவு அணைந்திருப்பதால் ‘*.ஓ’ என்ற பெயரிலேயே ஒரு கோப்பைத் தேடும். அப்படி ஒன்று இருக்காது. -எஃப் இருப்பதால் முணுமுணுக்காமல் வெற்றி என்று சொல்லிவிட்டுப் போய்விடும். பழைய கோப்புகள் அங்கேயே கிடக்கும்.

எனவே மாறியின் பெயர் பேனர் என்றால் அதை இரட்டை மேற்கோளுக்குள் எழுதுங்கள்: "$பேனர்". ஒற்றை மேற்கோள் வேண்டாம், அது மாறியின் பெயரையே அச்சிடும்.

கையோடு, கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளைகளையும் பார்த்துவிடுங்கள். -நேம் *.ஓ என்று மேற்கோள் இல்லாமல் எழுதினால், சுத்தமான கோப்பகத்தில் சரியாகவே ஓடும். அங்கே ஒரே ஒரு ஆப்ஜெக்ட் கோப்பு இருந்தால் அந்தப் பெயரை மட்டும் தேடும், சத்தமே இருக்காது. இரண்டு இருந்தால்தான் பிழை காட்டும். அந்த நடு நிலைதான் ஆளைக் கவிழ்ப்பது. சதுர அடைப்புக்குறிகளும் வைல்ட்கார்டுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எழுத்துகளை மாற்றும் டிஆர் கட்டளைக்கு [a-z] போன்ற எழுத்து வரம்பை மேற்கோள் இல்லாமல் கொடுத்தால், ஓரெழுத்துப் பெயருள்ள ஒரு கோப்பு போதும், கதை கந்தலாகிவிடும். ஸ்கிரிப்டில் பிழை தேடும் ஷெல்செக் கருவியை ஓட்டினால் மேற்கோள் விடுபட்ட மாறிகளை 2086 என்ற எண்ணுள்ள எச்சரிக்கையாகக் காட்டும்.

ஹெடர் கோப்பை மட்டும் பொறுத்தவரை நான் எக்கோவையே விட்டுவிடுவேன். கேட் கட்டளையுடன் ஹியர் டாக்குமெண்ட் (ஸ்கிரிப்டுக்குள்ளேயே உரையை எழுதிக் கட்டளைக்குக் கொடுக்கும் முறை) எழுதுங்கள். அதன் உடலுக்குள் $ வைத்த மாறிகள் விரியும், ஆனால் சொற்கள் உடையாது, நட்சத்திரமும் விரியாது. டாஷில் எக்கோ பின்சாய்வுக் கோடுகளுக்குத் தனி அர்த்தம் கொடுக்கும் தொல்லையும் அதில் இல்லை.