பைக்குள் இருக்கும் கமரா

அன்புள்ள ஐயா,

கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வீடு வெள்ளவத்தையில். வீதிப் படங்கள் எடுக்கும் ஆசையில் ஒரு மிரர்லெஸ் கமராவும் 23 மில்லிமீட்டர் லென்ஸும் வாங்கினேன். தினமும் பையில் கொண்டுபோகிறேன், ஆனால் படம் அமைவதில்லை. சென்ற வாரம் மழையில், புகையிரத மேடையில் ஒரு பெரியவர் தன் குடையைத் தெருநாய் ஒன்றுக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்தபடி நின்றார். நான் பையைத் திறந்து, மூடியைக் கழற்றி, கமராவைக் கண்ணில் வைத்தால் லென்ஸ் முழுக்கப் புகைபோல் ஈரம். துடைத்து நிமிர்வதற்குள் புகையிரதம் வந்து மறைத்துவிட்டது. எல்லாவற்றையும் தானியங்கி முறையில் விட்டுவிடலாமா? கைத்தொலைபேசியே போதும் என்கிறான் தம்பி. தெருவில் கமராவை வெளியே எடுக்கக் கூச்சமாகவும் இருக்கிறது.

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள வாசகிக்கு,

அந்த ஈரத்திலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கமரா பகல் முழுவதும் குளிரூட்டிய அறையில் கிடந்து குளிர்ந்திருக்கிறது. கொழும்பின் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் நீராகப் படிகிறது. துடைத்தாலும் கண்ணாடி சூடாகும்வரை மறுபடி படியும். வேலை முடிய அரைமணி நேரம் இருக்கும்போதே, கமராவைப் பைக்குள் வைத்து இழுத்து மூடி, குளிரூட்டி இல்லாத ஒரு பாதுகாப்பான மூலையில் வைத்துவிடுங்கள். பை மூடியிருப்பது முக்கியம்: கமரா மெல்லச் சூடாகும், ஈரக்காற்று அதை நேரடியாகத் தொடாது. மழைக்கால மாலைகளில் பாதிப் படங்கள் இந்த ஒன்றிலேயே தப்பிவிடும்.

லென்ஸ் மூடியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். லென்ஸின் முன்னால் ஒரு கண்ணாடி வடிகட்டியும் வெயில்மறைப்பும் பூட்டினால் கண்ணாடிக்கு அது போதுமான காவல். கடலோரப் பாதையில் உப்புப் படியும் என்பதால் வடிகட்டியை இரவில் துடைத்து வையுங்கள்.

தானியங்கி முறையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எதை அதனிடம் விடுவது, எதை நம் கையில் வைத்துக்கொள்வது என்பதைத் தெருவில் இறங்குவதற்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். என் விருப்பம் இது: துளை (ஒளி நுழையும் வாய்; எண் கூடினால் அது சிறுக்கும்) எஃப் 8, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/500 விநாடி, ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கமரா காட்டும் உணர்திறன்) மட்டும் தானியங்கி. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 125 அளவில் நிற்கும். புறக்கோட்டையில் பிரதான வீதியின் வெயிலிலிருந்து ஒரு குறுக்குத் தெருவின் நிழலுக்குள் திரும்பினால், அதுவே 1000க்கும் 2000க்கும் தாவும். நீங்கள் எதையும் திருக வேண்டியதில்லை. நடந்து வருகிறவர்களையும் கைவண்டி இழுக்கும் நாட்டாமையையும் (சுமைதூக்கும் தொழிலாளி) 1/500 உறைய வைத்துவிடும். அந்தி சாய்ந்தபின் எஃப் 8 சரிவராது. அப்போது எஃப் 2.8க்கும் 1/250க்கும் இறங்குங்கள்.

குவியத்தையும் முன்பே முடித்துவிடலாம். உங்களுடையது ஏபிஎஸ்-சி எனப்படும், சற்றுச் சிறிய ஒளியுணரி கொண்ட கமரா என்று நினைக்கிறேன். 23 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 8இல் மூன்று மீட்டருக்குக் குவித்து, கைமுறைக்கு மாற்றிவிட்டால், ஏறக்குறைய 1.6 மீட்டரிலிருந்து 30 மீட்டர்வரை எல்லாமே தெளிவாக விழும். ஒரு தெருவின் வாழ்க்கை முழுவதும் அந்தத் தூரத்துக்குள்தான் நடக்கிறது. சில கமராக்கள் அணைத்து எழுப்பினால் குவியத்தை மறந்துவிடும். உங்களுடையது எப்படி என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். எஃப் 2.8க்கு இறங்கியதும் இந்த வசதி சுருங்கிவிடும். இருட்டியபின் தானியங்கிக் குவியத்துக்கே திரும்புங்கள்.

உங்கள் மாலைப் பயணத்துக்கென்று ஒன்று. கோட்டையிலிருந்து தெற்கே வரும் புகையிரதத்தில் வலப்பக்க வாசலில் நிற்பவர்களுக்குப் பின்னால் கடலும் சாயும் சூரியனும் இருக்கும். கமரா அந்த வெளிச்சத்தை அளந்து முகங்களைக் கறுப்பாக்கிவிடும். நிழலுரு வேண்டுமென்றால் அப்படியே விடுங்கள். முகம் வேண்டுமென்றால் ஒளி ஈடுசெய்தலை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) கூட்டல் ஒன்றில் வையுங்கள். இதைக் கொள்ளுப்பிட்டி மேடையில் நிற்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பெட்டிக்குள் ஏறியபின் உங்கள் கவனம் மனிதர்கள்மேல் இருக்க வேண்டும்.

தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது. பல அண்ட்ரொய்ட் தொலைபேசிகளில் பவர் பொத்தானை இருமுறை அழுத்தினால் கமரா திறந்துவிடும். மழையில் ஈரவிரலுக்குத் திரை பணியாது. அப்போது ஒலிப் பொத்தானால் எடுக்கலாம். ஆனால் மங்கிய வெளிச்சத்தில் தொலைபேசி தானாகவே ஷட்டரை மெதுவாக்கும், அசைகிறவர்கள் கலங்கிப்போவார்கள். வெள்ளவத்தைச் சந்தையில் இரவு ஏழு மணிக்கு நான் கமராவைத்தான் நம்புவேன்.

கூச்சம் வேறு விடயம். போர்க்காலக் கொழும்பில் கமரா வைத்திருந்த தமிழர் தம்மைப் பற்றி விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அதைப் பைக்குள் மறைப்பது எங்களில் பலருக்குப் பழக்கமாகிவிட்டது. போர் 2009இல் முடிந்தது, பழக்கம் முடியவில்லை. உங்கள் வயதினரிடமும் அது தொடர்வதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்த நகரம் உங்களுடையதும்தான். கமராவை மணிக்கட்டுப் பட்டியில் மாட்டி, வெளிப்படையாகக் கையில் வைத்து நடவுங்கள். மறைத்து எடுப்பவரைத்தான் மக்கள் சந்தேகிக்கிறார்கள். சோதனைச் சாவடி, படைமுகாம், துறைமுக வாசல் பக்கம் மட்டும் திருப்ப வேண்டாம்.

யாரை எடுப்பதில்லை என்பதும் முன்பே எடுத்துவைக்க வேண்டிய முடிவு. கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தில் அழுதபடி மெழுகுதிரி ஏற்றுகிறவரை நான் எடுப்பதில்லை, வெளிச்சம் எவ்வளவு அழகாக விழுந்தாலும். ஆடிவேல் திருவிழா ரதம் செட்டியார் தெருவிலிருந்து புறப்படும்போது தயக்கமே இல்லாமல் எடுப்பேன். அங்கே எல்லோரும் காணவும் காணப்படவும் வந்திருக்கிறார்கள்.

எடுத்தபின் திரையைத் திருப்பி அவரிடம் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அவர் கண்முன்னே அழித்துவிடுங்கள். புறக்கோட்டையில் பெரும்பாலும் சிரித்துவிட்டு, சட்டையை இழுத்துவிட்டு, நிமிர்ந்து நின்று இன்னொன்று கேட்பார்கள். அதையும் எடுங்கள். அடுத்த முறை போகும்போது ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுங்கள்.