ஏன் போகமாட்டேன் என்கிறாள் என்று கேட்டீர்களா?

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு, எனக்குச் சொந்த ஊர் ஜவ்வாதுமலை. எட்டாவதோடு நின்றவள் நான். பத்து வருடமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். ஊரில் என் அக்கா மகள் இந்த வருடம் பத்தாம் வகுப்பில் 371 மார்க் எடுத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் பத்தாவது பாஸ் பண்ணிய முதல் பெண் அவள்தான். ஆறாவதிலிருந்து அவள் விடுதியில் தங்கிப் படித்த அரசுப் பள்ளி பத்தாவதோடு சரி. பதினொன்றுக்கு வேறு பள்ளி, வேறு விடுதி. எங்கள் ஊரிலிருந்து 22 கிலோமீட்டர். அதில் பஸ் வரும் ரோட்டுக்கே 4 கிலோமீட்டர் நடக்க வேண்டும். மாமா "போதும், வீட்டில் இருக்கட்டும்" என்கிறார். கார்த்திகையில் அக்காவும் மாமாவும் குடகுக்குக் காப்பி பறிக்கப் போனால் மாசியில்தான் திரும்புவார்கள். எட்டு வயதுத் தம்பியையும் ஆடுகளையும் இவள்தான் பார்க்க வேண்டுமாம். தை மாதம் அவளுடைய அத்தை வீட்டார் பரிசம் போட வருவதாகவும் பேச்சு. அவளுக்கு இன்னும் 16 முடியவில்லை. அவளும் "ஹாஸ்டலுக்குப் போகமாட்டேன் சித்தி" என்று ஒரு தடவை சொன்னதோடு வாயே திறப்பதில்லை. நான் அவளை என்னோடு திருப்பூருக்குக் கூட்டி வந்துவிடலாமா? வேலை பார்த்துக்கொண்டே தபாலில் படிக்கலாம் அல்லவா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் எல்லோருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. மாமாவுக்குக் காப்பித் தோட்டம், அத்தை வீட்டாருக்குத் தை மாதம், உங்களுக்கு அவள்மேல் உள்ள பாசம். அந்தப் பெண் சொன்னதற்கு மட்டும் காரணம் எழுதப்படவில்லை. 371 மார்க் எடுத்தவள், அஞ்சு வருடம் விடுதியில் இருந்து பழகியவள், திடீரென்று விடுதிக்குப் போகமாட்டேன் என்கிறாள். ஏன்? மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் ஒரு மலைப் பள்ளியில் ஒன்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். என் வகுப்பில் ஒரு பெண், ஒன்பதாம் வகுப்பு காலாண்டு லீவுக்குப் போனவள் திரும்பவில்லை. இரண்டு தடவை ஆள் விட்டோம். "வீட்டில் வேலை" என்றார்கள். நாங்களும் பதிவேட்டில் 'குடும்பச் சூழல்' என்று எழுதி முடித்துவிட்டோம். மூன்று வருடம் கழித்துச் சந்தையில் இடுப்பில் குழந்தையோடு அவளைப் பார்த்தேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோதுதான் சொன்னாள். விடுதியில் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி குளித்தால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வயதுக்கு வந்த பிறகு, மாதவிலக்கு நாட்களில், அவளுக்கு அது தாங்க முடியவில்லை. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வீட்டுக்குப் போய்விட்டாள். வீட்டிலும் அதைச் சொல்லவில்லை. அந்தத் தாழ்ப்பாள் வாங்க நூறு ரூபாய் ஆகியிருக்காது. தினமும் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் நான் வகுப்புக்குப் போனேன். ஒருநாள்கூட உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது எனக்குள் ஆறவில்லை.

அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போங்கள். மாமா முன்னால், அக்கா முன்னால் பேச்சை எடுக்காதீர்கள். தண்ணீர் எடுக்கவோ ஆடு ஓட்டவோ அவளோடு தனியாக நடந்து போங்கள். "படிக்கிறியா, இல்லையா" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். "ஹாஸ்டல்ல ராத்திரி பாத்ரூம் போகணும்னா எப்படிப் போவீங்க?", "மாசம் அந்த மூணு நாள் எப்படிச் சமாளிச்சே?", "சோறு பத்துச்சா?", "கீழேயிருந்து வந்த பிள்ளைங்க கேலி பண்ணாங்களா?", "பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது யாராவது பின்னாடி வந்தாங்களா?" என்று கேளுங்கள். ஏதோ ஒன்றில் அவள் நின்றுவிடுவாள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. உடனே அறிவுரை சொல்லாமல் கூட நடந்துகொண்டே இருங்கள்.

தண்ணீர், கழிப்பறை, விளக்கு, சாப்பாடு மாதிரியான குறையாக இருந்தால் அதைச் சரிசெய்ய வழி உண்டு. காப்பாளரிடமும் தலைமை ஆசிரியரிடமும் வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுங்கள். அசையவில்லை என்றால் மாவட்டத்தில் பழங்குடியினர் நலத் திட்ட அலுவலர் இருக்கிறார். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் அதற்கு எண் போட்டுப் பதிவு செய்வார்கள். 14417 என்ற பள்ளிக்கல்வி உதவி எண்ணிலும் சொல்லலாம். ஒருவேளை யாராவது அவளைத் தொட்டோ பேசியோ தொந்தரவு செய்திருந்தால் விஷயமே வேறு. அவளை அந்த இடத்துக்குத் திருப்பி அனுப்பாதீர்கள், அவள்மேல் ஒரு சொல் குற்றம் சொல்லவும் விடாதீர்கள். அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். 18 வயது நிரம்பாத பிள்ளை என்பதால் அது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் வரும்.

இப்போது திருப்பூர் பேச்சுக்கு வருகிறேன். கூட்டி வர வேண்டாம்.

உங்கள் நல்ல மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து எத்தனை பேர் புத்தகத்தைத் திறந்தார்கள் என்று உங்கள் லைனில் இருக்கும் பெண்களையே கேட்டுப் பாருங்கள். 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் மூன்று வருடம் மில் விடுதியில் அடைத்து, கடைசியில் மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று சொல்லி எத்தனை பெண்களின் பதினாறும் பதினேழும் போயின என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தபால் படிப்பிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, இது பலருக்குத் தெரிவதில்லை. பன்னிரண்டாவது முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரே பட்டம் வாங்கினால், தமிழ்நாடு அரசு வேலைக்கு அது செல்லாது. பத்து, பன்னிரண்டு, பிறகு பட்டம் என்ற வரிசையில் வந்திருக்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்கோ, டிப்ளமோவுக்கோ, ஐ.டி.ஐ.க்கோ போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் பேங்க் கணக்குக்கே வரும். மூன்று வருடப் படிப்புக்கு 36,000 ரூபாய். மருத்துவம், பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் தனியாக உண்டு, அந்த இடத்தில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்ததும் இதில் சேரும். இரண்டுக்குமே ஆறு முதல் பன்னிரண்டு வரை என்பதுதான் நிபந்தனை. அவள் ஏழில் ஐந்து வருடத்தை முடித்துவிட்டாள். பதினொன்றும் பன்னிரண்டும்தான் பாக்கி. இந்த நேரத்தில் திருப்பூருக்கு வந்தால் அந்த ஐந்து வருடமும் வீணாகிவிடும்.

சரி, மாமாவிடம் எப்படிப் பேசுவது? முதலில் அவரைக் கெட்டவராக நினைப்பதை விடுங்கள். ஜவ்வாதுமலையில் சாமை விதைத்து, புளி உலுக்கி, தேன் எடுத்து வருடம் முழுக்க ஒரு குடும்பம் சாப்பிட முடியாது. அந்த மலைக்கு ஆள் பிடிக்க எப்படிப்பட்ட புரோக்கர்கள் வந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் உங்கள் மலைக்காரர்களும் இருந்தார்கள். அப்படி ஆண் போன வீட்டில் முதலில் நிற்பது மூத்த பெண்ணின் படிப்பு. உங்கள் மாமா காப்பி பறித்துப் பிழைக்கிறார். அவருடைய கவலை நிஜமான கவலை: நாலு மாதம் பையனை யார் பார்ப்பது, ஆட்டை யார் பார்ப்பது? இதற்குப் பதில் கொண்டுபோகாமல் 'பெண் கல்வி' என்று பேசினால் அவர் எழுந்து போய்விடுவார்.

பையனுக்கு எட்டு வயது. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தங்கிப் படிக்கலாம். அவனையும் சேர்த்துவிட்டால் அந்த நாலு மாதமும் மூன்று வேளைச் சோறும் பள்ளிக்கூடமும் அவனுக்குக் கிடைக்கும். அவனுக்காக இவள் வீட்டில் இருந்து சமைத்துப் போட வேண்டியதில்லை. ஆடுகளை ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விடச் சொல்லுங்கள். குட்டியில் பாதி அவருக்குப் போகும், அந்த நஷ்டம் உண்மைதான். மாதாமாதம் நீங்கள் ஊருக்கு அனுப்பும் பணத்தில் அதை ஈடுகட்ட முடியுமா என்று பாருங்கள். "ஆட்டுக்கு நான் பொறுப்பு மாமா, பொண்ணை மட்டும் அனுப்புங்க" என்று ஒரு பெண் சொந்தச் சம்பாத்தியத்தை வைத்துக்கொண்டு சொன்னால் அதற்கு மலையில் மரியாதை உண்டு. பஸ் ரோட்டுக்கு நடக்கும் 4 கிலோமீட்டருக்கும் ஆள் ஏற்பாடு செய்துவிட்டுப் பேசுங்கள். விடுதியில் இருந்தால் மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் நடக்க வேண்டியிருக்கும். அந்தப் பக்கம் படிக்கும் வேறு பிள்ளைகளோடு சேர்த்து அனுப்பலாம்.

கல்யாணப் பேச்சை அன்றைக்கே சண்டையாக்காதீர்கள். அத்தை மகன் முறைமாப்பிள்ளை, அந்த உறவும் அவளுக்கு நாளைக்கு வேண்டும். "18 முடியட்டும், பன்னிரண்டாவது முடியட்டும், அப்புறம் அவ வாயாலே சொல்லட்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். கேட்காமல் தையில் தேதி வைத்தால் சட்டத்தைச் சொல்லலாம். 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் நடத்தி வைப்பவர், துணை நிற்பவர் எல்லோருக்கும் இரண்டு வருடம்வரை கடுங்காவல், ஒரு லட்சம்வரை அபராதம். மாவட்டச் சமூக நல அலுவலருக்கோ 1098-க்கோ சொன்னால் வந்து நிறுத்துவார்கள். அக்காவிடம் முதலிலேயே மனம் விட்டுப் பேசிவிடுங்கள். பதினாறில் கல்யாணம் ஆன பெண்ணின் உடம்பு என்ன பாடுபடும் என்று அவருக்குத் தெரியாதா?

உங்கள் மலையிலேயே ஒரு நீதிபதி இருக்கிறாரே. புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, 23 வயதில், குழந்தை பெற்ற ஒரு சில நாளில் பரீட்சை எழுதி சிவில் நீதிபதித் தேர்வில் ஜெயித்தார். 2024 பிப்ரவரியில் ஊரே மேளம் அடித்து வரவேற்றது. "அவங்களுக்கும் கல்யாணம் ஆயிடுச்சே" என்று மாமா கேட்பார். ஆமாம், ஆனால் சட்டப் படிப்புக்குப் போகும் அளவுக்குப் பள்ளிப் படிப்பு அவர் கையில் இருந்தது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 73 சதவீதம் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும். பழங்குடிப் பெண்களில் அது 46.8 சதவீதம்தான். அந்த இடைவெளியை 371 மார்க்கோடு தாண்டி வந்த பெண் உங்கள் வீட்டில் இருக்கிறாள்.

இன்னொரு வேலை, இதை மறக்காதீர்கள். அவளுக்குச் சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறதா? பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் தரமாட்டார், கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணை, அப்பா வழிச் சான்று என்று மாதக்கணக்கில் இழுக்கும். மாமா குடகுக்குப் போய்விட்டால் கையெழுத்துக்கு ஆள் இருக்காது. அதனால் கார்த்திகைக்கு முன்னாலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போடுங்கள். வருமானச் சான்றும் சேர்த்து வாங்குங்கள். பதினொன்றாம் வகுப்பு முதல் கிடைக்கும் உதவித்தொகைக்குப் பெற்றோர் வருமானம் வருடத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்து மலையாளி மக்கள் (கேரளக்காரர்கள் இல்லை, மலையில் வாழும் பழங்குடியினர்) அரசின் பழங்குடியினர் பட்டியலில் இருப்பதால் உங்களுக்கு அலைச்சலோடு போகும். ஈரோடு மாவட்டத்தில் பர்கூர் மலையில் இருக்கும் அதே மலையாளி மக்களுக்கு, மாவட்டப் பெயர் பட்டியலில் இல்லை என்பதால் அந்தச் சான்றிதழே கிடையாது. பன்னிரண்டு முடித்த பிள்ளைகள் அங்கே அதோடு நிற்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. ஒரு வருடம் விட்டுவிட்டு அடுத்த வருடம் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். என் ஒன்பது வருடத்தில் அப்படி நின்று மறுபடி வந்த பெண்ணை நான் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன். புதுப் பள்ளிக்கு அவளை நீங்களே கூட்டிப் போங்கள். விடுதியைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திப் பாருங்கள், குழாயைத் திறந்து பாருங்கள், ராத்திரி விளக்கு எங்கே எரியும் என்று கேளுங்கள். அவள் பக்கத்தில் நிற்கும்போதே கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள். மனு எழுத வேண்டிய விஷயமாக இருந்தால் நாம் சேர்ந்தே எழுதுவோம்.